சொம்புத் தண்ணீர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு முன் இருக்கைத் தம்பதியின் பேச்சைக் கேட்டேன். இந்த வயதில் செய்யக்கூடாததுதான், செய்தேன். அந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்.

“நம்ம புள்ள ஒங்களுக்குத் தண்ணி கொண்டாந்து குடுக்கிறத மொதல்ல நிப்பாட்டணும்.”

“ஏட்டி, அதுல என்ன தப்பு? மரியாத தெரிஞ்ச புள்ள.”

அவர் வடநாட்டுக்கு லாரி ஓட்டுபவர். போனால் திரும்பி வர ஒரு மாதமாகும். பார்சல் கம்பெனி ஒன்று அவரைக் கோயம்புத்தூர் லைனுக்குக் கூப்பிட்டிருந்தது. இரவில் ஓட்டம், பகலில் வீடு. அன்றைக்கே பதில் சொல்ல வேண்டுமாம்.

“டெல்லி வரைக்கும் ஓட்டுனவன் பார்சல் வண்டி ஓட்டுனா பயலுவ சிரிப்பானுவ. படிக்காசும் கம்மி.”

“சிரிக்கட்டும். எதுத்த வீட்டு அத்த வந்தா நம்ம புள்ள சொம்புல தண்ணி குடுக்கா. சிலிண்டர் போட வாரவருக்கும் குடுக்கா. எனக்கு என்னைக்காவது குடுத்திருக்காளா? எங்கிட்ட அடம் பிடிப்பா, சண்ட போடுவா. ஒங்களப் பாத்தா மட்டும் ‘வாங்க’ன்னு சொல்லிட்டு தண்ணி எடுக்க ஓடுதா.”

பேருந்து மடவார் வளாகத்தை நெருங்கியது. அவர் போனை எடுத்தார்.

“அண்ணாச்சி, கோயம்புத்தூர் வண்டிக்கு வாரேன்.”

போனைப் பையில் போட்டவர், மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

“பொறவு தண்ணி கேட்டா குடுப்பாளா?”

“‘போயி மோந்து குடிங்கப்பா’ம்பா.”

“சொல்லட்டும்” என்றார் அவர்.