டம்ளரின் அடியில் தங்கிய தூள்

என் பெயரும் விலாசமும் தனித்தாளில் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்தாறு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா போடும் இயந்திரத்தில் வேலை. காவலில் இருப்பவன் என் உடன்பிறந்த தம்பி, வயது நாற்பத்தொன்று, கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன், மணமாகாதவன், எங்கள் மாடியறையில் வசிப்பவன். அவன் மேல் புகார் கொடுத்தவர் என் கணவர். யார் பக்கம் பேசினாலும் திட்டு வாங்கப்போவது நான்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

மூன்று வருடமாகவே யாரோ சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று என் தம்பி சொல்லிவந்தான். மூடி திறந்த எதையும் தொடமாட்டான். சென்ற வருடம் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் அவனிடம் ஒரு மணி நேரம் பேசிய பிறகு, இது நோய்தான், குணமாக வழி உண்டு என்று சொல்லித் தினம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். தனக்கு ஒன்றுமில்லை என்று அவன் மறுத்துவிட்டான். அதன் பிறகு மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மறைச்சு மட்டும் குடுத்துடாதீங்கம்மா. பேசிப் பேசித்தான் சம்மதிக்க வைக்கணும். நாள் ஆகும்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பேசிப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. என் கணவரின் யோசனைப்படி, மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி, காலையில் அவன் குடிக்கும் சூடான பாலில் கலந்து கொடுத்தேன். நான் கொடுப்பதை மட்டும் நம்பிக் குடிப்பான். நான்கு மாதம் இப்படி நடந்தது. அவன் முகம் மழித்துக்கொண்டு கடைக்குப் போக ஆரம்பித்தான், என் கணவரின் குறட்டையைக் கேலி செய்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செய்தது சரி என்றே நினைத்தேன்.

நேற்றுக் காலை எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. பால் சரியாகக் காயவில்லை, தூள் கரையவில்லை. அவன் பாதி குடித்துவிட்டு, கடிகாரம் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டம்ளரின் அடியைப் பார்த்தான். "என்னக்கா இது?" என்றான். சர்க்கரை என்றேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கசந்திருக்கும். டம்ளரோடு தெருவுக்கு ஓடினான். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் அவன், "இதுல எதையாச்சும் கலந்தியா? நீ சொல்லுக்கா, நம்புறேன்" என்று கேட்டான். இல்லை என்றேன். அதன் பிறகு என் கணவர், "பைத்தியம் முத்திப்போச்சு" என்று அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். அவன் உதறினான். என் கணவர் படியில் விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. அவன் அவரை அடிக்கவில்லை.

காரணமில்லாமல் தாக்கினான் என்பது புகார். அவனை வெளியே வரமுடியாத மனநல விடுதியில் சேர்க்கும்படி இன்று மாலை நீதிமன்றத்தில் கேட்கப்போவதாக என் கணவர் சொல்கிறார். இன்று காலை மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்தார். பிறகு, "முதல்ல அவர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. மருந்தெல்லாம் அப்புறம்" என்றார்.

அதன் பிறகு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். நேற்றிலிருந்து அவன் குழாய்த் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை என்று காவலர் சொன்னார். கம்பிக்கு வெளியே நின்று சொல்லிவிட்டேன். நாலு மாதமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "நான் கண்ணால பார்த்தேன்க்கா. நீ இல்லன்னதும், என் கண்ணுதான் பொய் சொல்லுதுன்னு நேத்துலேருந்து உக்காந்திருக்கேன்" என்றான். பிறகு, "தெருவுல சொன்னத மாத்தி எழுதிக் குடு" என்றான். அதற்காகவே இதைக் கொடுக்கிறேன்.

பாலில் மாத்திரையைக் கலந்தவள் நான். தெருவில் பொய் சொன்னவளும் நான். என் தம்பி சொன்னது உண்மை. இதை எழுதி முடித்து எனக்குப் படித்துக்காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. அவனுக்கும் ஒருமுறை படித்துக்காட்டும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)