அழிறப்பருக்குத் தப்பிய நண்டு

ஊர்காவற்றுறைக்கு வள்ளத்திலும் வாகனத்திலும் வந்து சேர்ந்த பெரியோரே! மாலைகளின் பாரத்தால் மல்லாந்திருக்கும் மாண்புமிகு பிரதம விருந்தினர் ஆழ்வாப்பிள்ளை அவர்களே! உயிரியல் ஆசிரியை மாக்கிறேற் பஸ்ரியாம்பிள்ளை அவர்கள் சேவையிலிருந்து இளைப்பாறும் இந்நாளில், உடனாசிரியர்கள் உங்கள்முன் வைக்கும் மடல் இது.

'தீவகத்தின் தாரகையே, கல்விக்கடலின் கலங்கரை விளக்கே' என்று தொடங்கத்தான் மை தொட்டோம். ஆனால் ரீச்சரின் வகுப்பில் ஒரு கட்டளை உண்டு: காணாததைப் படமாய்க் கீறக்கூடாது. தாரகையை நாங்கள் காணவில்லை, வெட்டிவிட்டோம். கண்டதைச் சொல்கிறோம். சிலருக்கு இருக்கிற கதிரை சுடலாம்.

பத்து வருசத்துக்கு முந்தி, விஞ்ஞானப் பொருட்காட்சிக்கு ஆயத்தம். சுருவில் கடற்கரையில் பிடித்த நண்டொன்றுக்கு வலக்கொடுக்கு பெரிது, இடக்கொடுக்கோ குருத்து மாதிரிச் சிறிது. "ஏன் ரீச்சர் இப்பிடி?" என்றாள் உயர்தர வகுப்பு ஞானசவுந்தரி. விடை ரீச்சரின் நாக்கு நுனியில் நின்று துடித்தது. விழுங்கிக்கொண்டு, "நண்டிட்டைக் கேள் பிள்ளை" என்றார். பிள்ளைகள் தொட்டியில் கடல்நீர் நிறைத்து, மீன்துண்டு போட்டு, கிழமைக்கணக்காய்க் காவல் இருந்தார்கள். நண்டு பழைய ஓட்டுக் கோதைக் கழற்றியது. சின்னக் கொடுக்கு கொஞ்சம் பெருத்தது. இழந்த கொடுக்கு திரும்ப முளைக்கிறதென்று பிள்ளைகள் கத்திய கத்தலில், ரீச்சர் அன்று மத்தியானச் சோற்றை மறந்துபோனார். பிடித்த அன்று கண்டபடியே ஞானசவுந்தரி அதைக் கூர்ப்பென்சிலால், நிழல் போடாமல், காலின் மயிர்கூட விடாமல் கீறியிருந்தாள்.

பொருட்காட்சியன்று அந்தப் படத்தின்முன் வந்து நின்றார், பள்ளிகளைப் பார்வையிடும் அன்றைய வித்தியாதரிசி, இன்றைய பிரதம விருந்தினர்.

"என்ன இது, நொண்டி நண்டு? புத்தகத்திலை ரெண்டும் ஒரே அளவெல்லே?"

"புத்தகத்து நண்டு எங்கடை கடலிலை பிடிபடாது, ஐயா."

"அழிச்சுச் சரியாக் கீறச் சொல்லும்."

"ஏலாது, ஐயா. படத்திலை அழிச்சால் நண்டுக்குக் கொடுக்கு வளருமே?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அதுதான் குற்றம். ஐயா தம் திருக்கரத்தாலேயே அழிறப்பரை எடுக்க, ரீச்சர் படத்தைப் பறித்து ஞானசவுந்தரியிடம் கொடுத்து, "வீட்டை கொண்டு ஓடு பிள்ளை" என்றார்.

அடுத்த கிழமையே ஐயாவின் உத்தரவில் ரீச்சரிடமிருந்த ஆய்வுகூடத் திறப்புக்கொத்து பறிபோனது. உயிரியல் பட்டதாரிக்குத் தையல் பாடம்! உயிரியலுக்கோ, புத்தகத்தைப் பார்த்து எழுதவைக்க ஒருவர்! பத்து வருசமாக எத்தனை பிள்ளைகளின் கேள்விகள் தொண்டைக்குள்ளேயே செத்தன? அதை எந்த மாலையால் மூடப்போகிறீர்கள்?

ரீச்சரோ ஓயவில்லை. துணியில் செவ்வரத்தைப் பூ தைத்த பிள்ளையிடம், "மகரந்தம் எங்கை? பூவைப் பாத்தனியே, புத்தகப் படத்தைப் பாத்துத் தைச்சனியே?" என்பார். பிள்ளை ஊசியைப் போட்டுவிட்டு வேலிக்கு ஓடும்.

ரீச்சர்! கண் மங்காமல், கை நடுங்காமல், உங்கள் கோபமும் ஆறாமல் நீடு வாழுங்கள். இந்த மடலுக்குக் கண்ணாடி போடவில்லை. மடித்துக் கைப்பையில் வையுங்கள். கண்ணாடிச் சட்டம் கடதாசி சுற்றியபடி பிரதம விருந்தினரின் மடியில் இருக்கிறது. மடலென்று எண்ணி அரைமணியாய் அணைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே இருப்பது ஞானசவுந்தரி காத்துவைத்துத் தந்த அந்த நண்டு.

வழமைப்படி அவரே எழுந்து அதை உங்களிடம் கையளிப்பார். ஐயா, கடதாசியைப் பிரியுங்கோ. சபைக்குக் காட்டுங்கோ. சின்னக் கொடுக்கு இடப்பக்கம் வரவேணும்; தலைகீழாய்ப் பிடிச்சிடாதேங்கோ.

கண்டதையே எழுதிய
ஆசிரியர் குழாம்
ஊர்காவற்றுறை, 1979