கைக்கு எட்டாத தாழ்ப்பாள்

அந்த டிரில் மெஷினக் கொஞ்சம் நிறுத்துங்கண்ணே. கேட்டுச்சா? இருங்க, மறுபடி வரும்… இதோ. பறவை இல்ல. இருட்டினப்புறம் எந்தப் பறவை இப்படி நீட்டி ஒண்ணு, நிறுத்தி, அப்புறம் குட்டியா ரெண்டு கூவும்? மனுஷங்கதான். நாக்க மடிச்சு அடிக்கிற சீட்டி. கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க பாருங்க. திரைய ரொம்ப விலக்காதீங்க, பாத்துட்டா கையாட்டுவாங்க.

திருடனுங்க இல்லண்ணே. திருடனா இருந்தா போலீசுக்குப் போன் போடலாம். இவங்க வாசகருங்க.

ஆமா, அந்த எழுத்தாளர் வீடுதான், என் வீட்டுக்காரர். உங்க பொண்ணு படிக்குதா? ஆறும் முடிச்சிடுச்சா! தலகாணி தலகாணியா ஆறு புஸ்தகம், அந்தப் பொறுமைக்கே பரிசு குடுக்கணும். என்ன கேக்கச் சொல்லிச்சு? பரவால்ல, சொல்லுங்க… தெரியும். இன்னும் இருந்திருந்தா ஏழாவதுல என்ன எழுதியிருப்பாரு. பால் போடறவர் கேட்டாச்சு, மேல் வீட்டம்மா கேட்டாச்சு. என் பொண்ணுக்கு ஊசி போட வந்த நர்சு, ஊசியக் கையில பிடிச்சுக்கிட்டே கேட்டாங்க. அவ கத்தறா, இவங்க, அந்த டிராகன் செத்துடுச்சாங்கறாங்க.

தாழ்ப்பாள் அங்க வேணாம், அங்க வேணாம். இன்னும் மேல. என் கைக்கு எட்டினாப் போதும், அதுக்குக் கீழ ஒரு விரக்கடை கூட வேணாம். எல்லா வீட்லயும் இடுப்பு உயரத்துலதான் போடுவீங்க, தெரியும். இந்த வீட்ல எந்த உயரத்துலயும் போட்டதில்ல. அவர் விடல. உள்ள தாழ்ப்பாள் போட்டா கதை வர்ற வழி அடைஞ்சிடுமாம். பேட்டியில சொன்னாரு, ஜனம் கை தட்டிச்சு. வெறும் கைப்பிடி, திருகினா தொறந்துக்கும். கதை வந்துச்சோ என்னவோ, கண்ட ஆளெல்லாம் வந்தான்.

உள்ள டிவி ஏன் இவ்வளவு அலறுதுன்னு பாக்கறீங்களா? அலறட்டும். நீங்க வேலையப் பாருங்க.

அவர் போன அன்னிக்கு, உடம்ப உள்ள படுக்க வெச்சிருக்கு. பதிப்பாளர் இதே இடத்துல நின்னுக்கிட்டு, இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தா என்னென்ன எழுதியிருப்பாரும்மான்னு மூக்கச் சிந்தறாரு. எனக்கு முப்பது கூட ஆகல. இருந்திருந்தா எங்கிட்ட என்ன பேசியிருப்பாரு, பிள்ளைய எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்திருப்பாரு, அத ஒருத்தரும் கேக்கல. இப்ப அந்தப் பதிப்பாளர் போட்டி வேற வெச்சிருக்காரு. முடிவ நீங்களே எழுதுங்கன்னு. ஒருத்தன் ராஜா திரும்பி வருவாருங்கறான். ஒரு அம்மா மலையெல்லாம் எழுந்து நடக்கும்ங்கறாங்க. இன்னொருத்தர் பதினாலாவது புஸ்தகம் வரைக்கும் யோசிச்சு வெச்சிட்டாரு. செத்தப்புறமும் அந்த மனுஷனுக்கு ஓய்வு குடுக்க மாட்டாங்க போல. வாசல்ல நின்னு சீட்டி அடிச்சு அஞ்சலி செலுத்துங்கன்னு கிளப்பி விட்டதும் அந்தப் பதிப்பாளர்தான்.

அதான், மிளகோட சீட்டி. உங்க பொண்ணு சொல்லியிருக்குமே. கதையில மலை உச்சியில ஒரு வீடு, அதுல மிளகுன்னு ஒரு வாண்டு. அவ அப்பா பனிக்குள்ளேருந்து அந்தச் சீட்டி அடிச்சாத்தான் கதவத் தொறப்பா. பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிடற நிழல்காரன் என்ன வேஷம் போட்டு வந்தாலும் தொறக்க மாட்டா. அது ஒண்ணும் கற்பனை இல்லண்ணே. தெருமுனை திரும்பும்போது இவர் தினமும் அடிக்கிறது. என் பொண்ணு சாப்பாட்டத் தட்டோட விட்டுட்டு ஓடிப் போய்க் கதவத் தொறப்பா. வீட்ல அவள மிளகுன்னுதான் கூப்பிடறது. மாசம் நிறையாமப் பொறந்தவ, அவ்வளவு சின்னதா இருந்தா. அந்தப் பேரு, மூக்கு மேல இருக்கற மச்சம், நாக்குத் திரும்பாத பேச்சு, எல்லாத்தையும் அள்ளிட்டுப் போய்ப் புஸ்தகத்துல போட்டுட்டாரு. என்னங்க இதுன்னு கேட்டா, அழியாம இருப்பாடிங்கறாரு.

அழியாம.

உங்க பொண்ணு கிட்ட சொல்லாதீங்க. ஏழாவது எனக்குத் தெரியும். சமையக்கட்டுல பால் பாத்திரத்தத் தேச்சுக்கிட்டு இருந்தேன், பின்னாடி வந்து நின்னு சொன்னாரு. சீட்டி கேக்கும், மிளகு தொறப்பா. நிக்கறது அப்பா இல்ல, சீட்டியக் கத்துக்கிட்ட நிழல்காரன். அவன் கையப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவா. திரும்பி வர மாட்டா. வேற வழியே இல்லடி, கதை அங்கதான் போகுதுங்கறாரு. கண்ணுல தண்ணி. ஆனா மூஞ்சில ஒரு பளபளப்பு பாருங்க, நல்லா வந்துடுச்சுங்கற சந்தோஷம்! பேரயாவது மாத்துங்கன்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன். பேர மாத்தினா படிக்கிறவன் அழ மாட்டான்னாரு.

மறுநாள் அத எழுதத்தான் உக்காந்தாரு. பேனா மூடியத் தொறக்கறதுக்குள்ள நெஞ்சப் பிடிச்சுக்கிட்டாரு, அதோட சரி.

கான்வென்ட்ல சிஸ்டருங்க சொல்லுவாங்க, போனவங்களப் பத்தித் தப்பா நெனைக்கிறதே பாவம்னு. அப்ப நான் பெரிய பாவிதான். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாமேன்னு ஊரே அழுதுது. நானும் அழுதேன். சத்தமா அழுதேன்ணே, உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்தது வெளிய கேட்டுடக் கூடாதேன்னு.

ஸ்க்ரூ எல்லாம் இறுக்கமா இருக்கா? ஒரு இழு இழுத்துப் பாருங்க. இல்லண்ணே, இவங்க உள்ள வந்துடுவாங்கன்னு போடல. போன வாரம் துணி காயப் போட்டுட்டுத் திரும்பறேன், வாசக் கதவு தொறந்து கிடக்கு. கேட்டுப் பக்கத்துல என் பொண்ணு யாரோ ஒருத்தன் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. அப்பா சீட்டி அடிச்சாரும்மாங்கறா. அவன் நல்லவன்தான், புஸ்தகத்த அணைச்சுக்கிட்டுத் தேம்பிட்டு இருந்தான். போன வாரம் வந்தவன் நல்லவன்.

டிவி ஏன் நின்னுடுச்சு? அய்யோ, கரண்ட் போயிடுச்சா. அந்தா, அடிக்கறாங்க பாருங்க. மிளகு! ஓடாத, இருட்டு! அப்பா இல்லடி கண்ணு… அந்தக் கைப்பிடிய விடு. விடுடி! அண்ணே, இவளக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. எங்க இருக்கு… ம், எட்டுது.

போட்டாச்சு.

அழட்டும். இவ ஏறித் தொறந்துடாம நாற்காலியெல்லாம் ராத்திரி மாடி ரூம்ல அடுக்கிடுவேன். உங்களையும் உள்ள வெச்சே போட்டுட்டேன் பாருங்க. பையை எடுத்துக்கிட்டுப் பின்பக்கமாப் போயிடுங்கண்ணே, இத இனிமே நான் தொறக்கறதா இல்ல.