டீக்கடையில் நடந்த இன்டர்வியூ

மியான்மரில், தன்லியினிலிருந்து யாங்கூன் வரும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் தன் அத்தையிடம் சொன்னது காதில் விழுந்தது.

"டீக்கடையாலதான் அத்தே, நம்ம ஊரு சின்ன காலேஜ்லேருந்து பாங்காக்ல பெரிய யூனிவர்சிட்டிக்கு மாற எடம் கெடச்சுது."

"டீக்கடையாலயா?"

"போன்ல இன்டர்வியூ நடக்குறப்ப கரண்டு போச்சு, நெட்டும் போச்சு. ஜெனரேட்டர்ல வைஃபை ஓடுற எதிர் டீக்கடைக்கு ஓடினேன். அங்க ஃபுட்பால் பார்த்து ஒரே கூச்சல். கடைக்காரர் ஊ டின், 'பொண்ணுக்குப் பரீட்சை'ன்னு டிவிய நிறுத்திட்டாரு. நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தர்கூட டீ கேக்கல அத்தே."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எடம் கெடச்சத அவர்கிட்ட சொன்னியா?"

"மொதல்ல அங்கதான் ஓடினேன். கடையே கைதட்டுச்சு. அப்பாவுக்கு அந்தச் சத்தம் கேட்டுத்தான் தெரியும்."