மூக்கடைத்த குரல்

ஹலோ… ஹலோ, யாரு… அத்தானா! என்ன அத்தான், அதிசயமா இருக்கு, மச்சினன் ஞாபகமெல்லாம் வருது… ம்… ம்… கடையிலதான் இருக்கேன். ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கோம், நானும் முதலாளியும். தாராளமாப் பேசலாம், சொல்லுங்க.

எதுல?… நடு ஸ்பீக்கர்லயா?… மூக்கடைச்ச மாதிரியா! ஹ ஹா… சிரிக்காம என்ன பண்ணச் சொல்றீங்க? நான் அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, வேற கம்பெனி சென்டர் ஸ்பீக்கரை வாங்காதீங்க, பொருந்தாதுன்னு. கேட்டீங்களா? எவனோ குறைச்சுக் குடுக்கறான்னு தூக்கிட்டு வந்தீங்க.

இல்ல இல்ல… கோளாறெல்லாம் இல்ல. தனியாக் கேட்டா அது நல்ல ஸ்பீக்கர்தான். ரெண்டு பக்கமும் நிக்குதே, நான் குடுத்த பெரிய ஸ்பீக்கர், அதோட ஒட்டாது. முன்னாடி இருக்கற மூணும் ஒரு வயித்துப் புள்ளைங்களா இருக்கணும் அத்தான். ஒருத்தன் இடது பக்கத்துலருந்து பேசிக்கிட்டே வலது பக்கம் நடந்து போறான்னு வைங்க, நடுவுல வந்ததும் குரல் மாறக் கூடாது. உங்க வீட்டுல நடுவுல வர்றப்ப மட்டும் அவனுக்குச் சளி பிடிச்சுக்குது. தாண்டிப் போனதும் சரியாயிடுது… ஆங், அதேதான், அதேதான்.

அந்த ஸ்பீக்கர்ல மேல ஒரு சின்ன வட்டம் இருக்கும் பாருங்க, ட்வீட்டரு. உங்க பெரிய ஸ்பீக்கர்ல அது துணியில மெத்துனு இருக்கும். இதுல தகரம் மாதிரி பளபளன்னு இருக்கா?… இருக்கும், இருக்கும். அப்புறம் எப்படி ஒட்டும்? அதே கம்பெனி, அதே வரிசை சென்டர்தான் எடுக்கணும். நான் வரவழைச்சுத் தர்றேன்… நாளைக்கா? நாளைக்குள்ள எப்படி அத்தான்? அடுத்த வாரம் ஆகும்… அப்படி என்ன அவசரம்?

சரி சரி, கோவப்படாதீங்க. எங்கே வெச்சிருக்கீங்க அதை?… டிவிக்கு அடியில, அலமாரிக்குள்ளயா! சரியாப் போச்சு. குரல் அலமாரிக்குள்ளயே ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வெளியே வரும். முன்னாடி இழுத்து வைங்க, மூஞ்சியைக் கொஞ்சம் மேல பாக்கத் தூக்குங்க. இப்போதைக்கு ஓட்டலாம்.

என்னது… பாட்டு வேண்டாமா?… சண்டைச் சத்தமும் வேண்டாம்… ஒரு பொம்பளைக் குரல் மட்டும் நிஜமா வந்தாப் போதுமா? யாரு அத்தான் அது, எங்க அக்காவுக்குத் தெரியாம?… சும்மா சொன்னேன், சும்மா சொன்னேன். ஒரு கேலி கூடப் பண்ணக் கூடாதா?

தியேட்டர் ரூம் கதவுக்கு வெளியேயா?… வெளியே நிக்கறவங்களுக்கு, உள்ளே ஆளு பேசற மாதிரியே… நல்லா இருக்கே கேள்வி! வெளியே நின்னு யாரு படம் பாக்கப் போறா? அந்தக் கதவுக்கு வெளியே ஒண்ணுமே கேக்காது அத்தான். நான் போட்ட கதவு. ரெண்டு பலகை, நடுவுல பஞ்சு, சுத்தி ரப்பர். உள்ளே இடி விழுந்தாலும் தெரியாது… ஒரு சாண் தொறந்து வெச்சா?… ஒரு சாண் தொறந்திருந்தா கேக்கும். கேக்கும்…

ஆம்ப்ளிஃபையரைப் பாருங்க, ரொம்பச் சூடாகுதான்னு. பின்னாடி சின்ன ரூம்ல காத்து இருக்காது, கதவைக் கொஞ்சம்… வெளியே எடுத்துட்டீங்களா? ஏன்? அதுக்குன்னுதானே அந்த ரூமைத் தடுத்தேன், மெஷின் சத்தம் கேக்கக் கூடாதுன்னு சுவரெல்லாம் பஞ்சு அடிச்சு… ஓ. பழைய சாமானாப் போட்டு வெச்சிருக்கீங்களா? அதுக்குப் போய்ப் பூட்டு வேறயா! சரி, உங்க வீடு.

பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டும் வந்ததும் நானே வந்து மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் ஒயரு அப்படியே சுவத்துல தொங்கட்டும், தொடாதீங்க… வர வேண்டாமா? ஏன்?… ஆமா, அக்காவுக்குக் காய்ச்சல்னு அம்மா சொன்னாங்க. இன்னுமா விடலை? டாக்டர் என்ன சொல்றாரு?… ஒட்டிக்கற காய்ச்சலா?… ம்… ம். யாரும் கிட்ட வரக் கூடாதா… ம். போன்லயும் அவளைப் பிடிக்க முடியலை. அப்பப்ப ஒரு வாய்ஸ் மெசேஜ் வருது, அவ்வளவுதான்.

நாளைக்கு அம்மா அங்கே வர்றாங்க, தெரியுமில்ல?… ஓ, சொல்லிட்டாங்களா. நானும் வேண்டாம்னுதான் சொன்னேன். கேக்கமாட்டாங்க, பெத்த மனசு… கதவுக்கு வெளியே நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகட்டுமா?… ஹோம் தியேட்டர் ரூம்லயா படுக்க வைக்கப் போறீங்க?… வெளிச்சம் இல்லாம அமைதியா இருக்கும்… ம்… கதவை ஒரு சாண் தொறந்து வெச்சு… ம்.

அத்தான்… இல்ல, ஒண்ணுமில்ல. அக்காகிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்… தூங்கறாளா? எழுப்புங்க, பரவாயில்ல. தம்பின்னு சொல்லுங்க. ரெண்டு வார்த்தை… ஒரே ஒரு நிமிஷம் அத்தான், குரலைக் கேட்டா எனக்கும் ஒரு நிம்மதி… சரி. இருக்கேன்… இருக்கேன்.

அக்கா! என்னக்கா, அதுக்குள்ள வந்துட்டே?… ம்… ம்… நல்லா இருக்கியா? குரல் என்ன இப்படி அடைச்சுக் கெடக்கு… தூங்கணுமா? சரிக்கா, தூங்கு. அக்கா, ஒண்ணே ஒண்ணு. என்னை எப்பவும் கூப்பிடுவியே, அப்படி ஒரு தடவை கூப்பிடேன்… அக்கா?… ம்… "நான் நல்லாத்தான் இருக்கேன்"… ஆமா, அதை இப்பதான் சொன்னியே… "தூங்கணும், அப்புறம் பேசறேன்"… ம்…

ஆங் அத்தான். பேசிட்டேன். பேசிட்டேன்… ஆமா, பாவம், குரலே மாறிப் போச்சு. சளிதான்… ஒரு நிமிஷம் அத்தான், கடைக்கு ஆள் வந்திருக்காங்க. அனுப்பிட்டு வந்துடறேன். வெச்சுடாதீங்க. உங்க சென்டருக்கு இன்னிக்கே ஒரு வழி பண்ணித் தர்றேன், ஆமா, நாளைக்கே ஆள் பேசற மாதிரி வரும். அப்படியே இருங்க.

முதலாளி! இங்கே வாங்க, சீக்கிரம். பேசலாம், போனை மியூட்ல அமுக்கி வெச்சிருக்கேன், அவருக்குக் கேக்காது. எங்க அக்கா புருஷன். அக்காவை அடைச்சு வெச்சிருக்காரு முதலாளி. இல்லன்னா… இல்ல, அடைச்சுத்தான் வெச்சிருக்காரு. இப்ப அக்கான்னு எனக்குக் கேக்க வெச்சாரே, அது அவ இல்ல, ஸ்பீக்கர்! மூக்கடைக்குதுன்னு சொன்னாரே அதே ஸ்பீக்கர். எனக்குத் தெரியாதா? அவ அம்மாவுக்கு எப்பவோ அனுப்பின மெசேஜ் அது. பேசி முடிக்கறப்ப ஒரு கரண்டி கீழே விழும், அம்மா எனக்குப் போட்டுக் காட்டிச் சிரிச்சாங்க. இப்ப ரெண்டு தடவை பேசினா. ரெண்டு தடவையும் அதே இடத்துல கரண்டி விழுது முதலாளி!

இந்த ஆளோட இருக்க முடியாது, வந்துடறேன்னு அம்மாகிட்ட அழுதா. மறுநாளே காய்ச்சல்னு இவரு சொன்னாரு. நாங்க நம்பிட்டோம், மடப்பயலுங்க. நாளைக்கு அம்மா கதவுக்கு வெளியே நின்னு இந்த மெசேஜைக் கேட்டுட்டுத் திரும்பிப் போகணும், அதுக்குத்தான் என்கிட்டயே ஸ்பீக்கருக்கு யோசனை கேக்கறாரு! பின்னாடி சின்ன ரூம் பூட்டியிருக்காம். அதுக்குப் பஞ்சு அடிச்சவனே நான்தான். அவ கத்தினாக் கேக்காது முதலாளி, நான் அப்படித்தான் கட்டியிருக்கேன்… அழலை, அழலை. நீங்க உங்க செல்லுல போலீஸுக்குச் சொல்லிக்கிட்டே வண்டியை எடுங்க. வீடு தெரியுமில்ல, பெட்டி எறக்க வந்தீங்களே, அதே வீடுதான். நான் பேச்சுல பிடிச்சு வெச்சுக்கறேன். ஓடுங்க.

அத்தான், ஸாரி, ஸாரி. ஒரு அம்மா, ஹெட்போன் வாங்க வந்துட்டு ஊர்க்கதை பேசுது… போயிட்டாங்க, போயிட்டாங்க. முதலாளியும் சாப்பிடப் போயிட்டாரு. சரி, நம்ம வேலையைப் பாப்போம். ரெண்டு கையும் வேணும் உங்களுக்கு, போனை லவுட்ல போட்டு மேசையில வைங்க… ஆங், கேக்குது, நல்லாக் கேக்குது.

முதல்ல ரூம் கதவைத் தொறந்து வைங்க… ஒரு சாண் பத்தாது, முழுசா. வெளியே எப்படிக் கேக்குதுன்னுதானே உங்களுக்குத் தெரியணும்? ரூம் அடைச்சிருந்தா நான் இங்கேருந்து கணக்குப் போட முடியாது… ஹால் ஜன்னலும்தான். தெருக் கதவும் தொறங்க… அட, நான் தொழில்காரன் சொல்றேன். காத்து நின்னுச்சுன்னா குரல் கனமாயிடும்… ஆமா, ஒரு அஞ்சு நிமிஷம்தான், அப்புறம் சாத்திக்கங்க. போயிட்டு வாங்க, இருக்கேன்.

தொறந்தாச்சா?… எல்லாமே?… தெருச் சத்தம் லேசாக் கேக்குது, சரி. நல்லது அத்தான். ரொம்ப நல்லது.

இப்ப ரிமோட்டை எடுங்க. செட்டிங்ஸ்ல டெஸ்ட்னு ஒண்ணு இருக்கும். அதை அமுக்கினா உஸ்ஸுனு ஒரு இரைச்சல் வரும், ஒவ்வொரு ஸ்பீக்கராச் சுத்தி வரும். மூணும் ஒரே மாதிரி இரையுதான்னு நான் கேட்டுச் சொல்றேன்… அவசரமில்ல, மெதுவாத் தேடுங்க. தப்பா அமுக்கினாலும் பரவாயில்ல. மறுபடி முதல்லருந்து வரலாம். எனக்கு நேரம் நிறைய இருக்கு… எனக்கா? குரல் நடுங்குதா? காலையிலருந்து சாப்பிடலை அத்தான், அதான்.

ஆங், வந்துருச்சு. இது இடது… அருமை. இப்ப நடு… கேட்டீங்களா, எப்படி மாறுதுன்னு? அடைச்சுக்கிச்சு. ட்ரெபிளை, அந்தக் கீச்சுப் பக்கத்தை, கொஞ்சம் கூட்டுங்க… இன்னும் கொஞ்சம்… போதும். இப்ப வலது… ம், சரியா இருக்கு. விடுங்க, சுத்தட்டும்… மறுபடி இடது… நடு… பரவாயில்லயே, ஒட்டி வருது… வலது… ம். இப்ப பின்னாடி… என்ன இது? பின்னாடி இரைச்சலே வரலை, தட்டுற மாதிரி வருது… இடது பின்னாடி… ம்ஹூம், அங்கேயும் தட்டுதே. ஒயரு எங்கேயோ லூசு அத்தான். பின்னாடி ஸ்பீக்கரைக் கொஞ்சம் கழட்டி… இல்ல… பின்னாடி ஸ்பீக்கர் நான் இன்னும் மாட்டவே இல்லையே.

…

அத்தான்? இல்ல அத்தான், நான் ஏதோ… தெருவுல யாரோ ஆணி அடிக்கறாங்க போல. ஆமா, ஜன்னல் தொறந்திருக்கில்ல, அதான். நீங்க ரிமோட்டை எடுங்க, மறுபடி இடதுலருந்து… அத்தான்? இருக்கீங்களா?… என் வாயில மண்ணு விழ… அத்தான், எங்கே போறீங்க? மேசைக்கிட்ட வாங்க. நாம இன்னும் முடிக்கலை… டெஸ்டை ஏன் நிறுத்திட்டீங்க?…

சாவிச் சத்தம் கேக்குதே, எதுக்கு அத்தான்? அந்தக் கதவைத் தொடாதீங்க. பூட்டைத் தொறக்கற சத்தம் எனக்குக் கேக்குது! அத்தான், இங்கே பாருங்க, நான் யார்கிட்டயும் சொல்லலை, நாம குடும்பத்துக்குள்ள பேசிக்கலாம். உங்களுக்கு என்ன வேணுமோ பேசிக்கலாம். அவளை ஒண்ணும் பண்ணாதீங்க, உங்க கால்ல விழறேன். அவ எங்கேயும் போகமாட்டா, நான் பாத்துக்கறேன். அத்தான்! காதுல விழுதா? அத்தான்!

…யாரு?

அக்கா! நீதானா?… ஆமாக்கா, சுண்டெலிதான்! சுண்டெலிதான் பேசறேன்! மேசை மேல இருக்கேன், போன்ல! உன் குரல் தெளிவாக் கேக்குது, அடைப்பே இல்ல… அக்கா, அழாதே, நான் சொல்றதைக் கேளு. தெருக் கதவு தொறந்திருக்கு. ஜன்னல் தொறந்திருக்கு. எல்லாத்தையும் தொறக்க வெச்சிருக்கேன். இப்பக் கத்தினா வெளியே கேக்கும்! கத்துக்கா! அவரைப் பாக்காதே, கதவைப் பாத்துக் கத்து! இன்னும்… இன்னும் சத்தமா! நிறுத்தாதேக்கா, ஆள் வருது, வந்துக்கிட்டே இருக்காங்க, கத்…

ஹலோ? அக்கா? ஹலோ… ஹலோ…