முழங்காலுக்கு அடியில்

காயத்தைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் வாசனையில்லாத சோப்பும் போதும். தேய்க்கக் கூடாது, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். தையலின் அடிப்பக்கத்தைக் கைக்கண்ணாடி பிடித்துப் பார்ப்பேன். பிறகு எட்டுப் போடுவதுபோல் குறுக்காகக் கட்டுவேன். நெப்ராஸ்காக் குளிரில் ஒன்பது வாரம், என் கணவர் டெல்மரின் காயம் ஒரு நாளும் சீழ் வைத்ததில்லை. உங்கள் போலீஸ் அறிக்கையில் இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், ஷெரிப்.

சோளம் ஏற்றும் இயந்திரம் அவருடைய இடது காலை இழுத்துக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முழங்கால் மிஞ்சியதால் செயற்கைக் கால் வைத்து நன்றாகவே நடக்கலாம் என்றார் மருத்துவர். நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் டெல்மர் கண் விழித்ததும் சொன்னார்: "அந்தக் கால் வரட்டும் ஆர்லிஸ். அன்னிக்கே வயோமிங்ல தம்பி வீட்டுக்குப் போயிடுறேன். முப்பத்தோரு வருஷம் உன் ஜெபத்தைக் கேட்டாச்சு. அந்த மெஷின் காலுக்குப் பதிலா என் காதைப் பிடுங்கியிருக்கலாம்."

நான் அவருடைய போர்வையைச் சரிசெய்தேன்.

உடற்பயிற்சி சொல்லித்தரும் கொரீன் ஒரு தாளோடு வந்தபோது டெல்மர் ஜெல்லிக் கிண்ணத்தை எறிந்தார். "வெளிய போ. படுக்கறதுக்குப் பாடம் எடுக்க வந்துட்டா." அந்தப் பெண் நடைவழியில் என்னை நிறுத்திச் சொன்னாள்: "முழங்காலுக்கு அடியில தலையணை மட்டும் வச்சிடாதீங்க. சுகமா இருக்கும், கேப்பாரு. ஆனா மடங்கினபடியே இறுகிடும். அப்புறம் கால் மாட்ட முடியாது." தாளை வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்த அன்றே கேட்டார். "வலிக்குது. அடியில ஏதாவது வையேன். அதுகூடவா நான் சொல்லணும்?" இறகுத் தலையணையை வைத்தேன். அவர் முகம் தளர்ந்தது. சின்னச் சின்ன இரக்கங்களில்தான் தேவன் இருக்கிறார் என்று ஞாயிறு பள்ளியில் இருபது வருடமாகச் சொல்லித்தருகிறேன்.

வாரம் ஒரு முறை செவிலி வருவாள். சரளைச் சாலையில் அவள் வண்டி தெரிந்ததும், கட்டை அவிழ்க்க வசதியாக இருக்கட்டும் என்று சொல்லித் தலையணையை எடுத்துவிடுவேன். "எவ்வளவு சுத்தமாப் பாத்துக்கறீங்க," என்பாள் அவள்.

"அதையாவது உருப்படியா செய்யறா," என்பார் டெல்மர்.

கொரீன் தொலைபேசியில் விசாரித்தபோதெல்லாம், காலை நீட்டும் பயிற்சி ஒழுங்காக நடக்கிறது என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை செயற்கைக் காலைப் பொருத்திப் பார்த்தார்கள். முழங்கால் நிமிரவில்லை. கொரீன் மெல்ல அழுத்தினாள், அவர் அலறினார். "தலையணை வச்சீங்களா?" என்று அவள் என்னைக் கேட்டாள். "வேண்டாம்னு அன்னிக்கே உங்ககிட்டச் சொன்னேனே."

டெல்மர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

நான் அவருடைய காலைத் தாங்கக் கை நீட்டினேன். "இவ கை இனி என்மேல படக் கூடாது," என்று சொல்லி, அங்கிருந்தே உங்களைக் கூப்பிட்டார்.

தெரியும். தெரிந்துதான் ஒன்பது வாரமும் வைத்தேன். நடக்க முடிந்தால் போய்விடுவார், அதனால் வைத்தேன். ஆனால் ஒருநாளும் நானாக வைத்ததில்லை. ஒவ்வொரு முறையும் அவர் வாய்விட்டுக் கேட்ட பிறகே கொடுத்தேன். இப்போது அவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், கேட்டதும் கொடுக்கிற அளவுக்காவது அன்புள்ளவர்களா?