நேர்ச்சைத் தாடி

தாடி சீவப் பல் அகன்ற மரச்சீப்புதான் நல்லது, சார். எங்கள் பாதிரியார் ஸ்கறியா அச்சனுக்கு இருபத்தாறு வருடம் நான்தான் சீவிவிட்டேன். எங்கள் தேவாலயத்தில் மணியடித்து விளக்கேற்றும் கப்பியார் நான். அச்சனுக்குக் குடும்பம் கிடையாது. ஆகவே கோட்டயம் ஆஸ்பத்திரியில் கூட இருந்ததும் நானே.

அவர் நுரையீரல் ஓய்ந்துபோயிருந்தது. தொண்டையில் குழாய் வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். மிச்சமிருந்தது மெஷின் தள்ளும் காற்றுக்காக முகத்தில் இறுக்கிக் கட்டும் மாஸ்க் ஒன்றுதான். அது தாடிமேல் உட்காராமல் ஓரமெல்லாம் காற்று சீறியது. மெஷின் ஓயாமல் கத்தியது.

"அவுதா சேட்டா, தாடிய எடுத்துட்டா மாஸ்க் நல்லா ஒட்டிக்கும். ரெண்டு நாள்ல அச்சன் எந்திரிச்சு உக்காந்துருவாரு," என்றாள் நர்ஸ் ஷைனி. "முடிதானே, வளந்துட்டுப் போவுது."

முடிதானே! அச்சன்மார் தாடி மழிக்காத எங்கள் சபையின் பெண் பேசுகிற பேச்சா அது? கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"அது நேர்ச்சைத் தாடி, மோளே. கத்தி படக்கூடாதுன்னு ஆண்டவருக்குச் சத்தியம் பண்ணிருக்காரு."

அப்படி ஒரு நேர்ச்சை கிடையாது. டாக்டரிடமும் அதையே சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை அச்சனுக்குத் தெளிவு வந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து பேச்சு எழும்பாது. என்னைப் பார்த்து வலக்கையைத் தூக்கினார். கன்னத்தருகே இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்து, சேர்த்துப் பிரித்துக் காட்டினார். கத்தரிக்கோல். எனக்கு உடனே புரிந்தது.

மெஷினின் குமிழைத் திருகிக்கொண்டிருந்த ஷைனி திரும்பியபோது உயர்ந்த கையை மட்டுமே கண்டாள்.

"என்ன கேக்குறாரு, சேட்டா?"

"ஆசீர்வாதம் பண்றாரு. தலையக் குனி."

அவள் துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துக்கொண்டு குனிந்தாள். அச்சன் கண்ணில் நீர் வழிந்தது. பிறகு தாடியைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அந்தக் கையை எடுத்து என் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். வலிக்காமல்தான் பிடித்திருந்தேன். மாலை நாலு மணிக்குமேல் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

நேர்ச்சை எதுவும் இல்லை என்று பிறகு அறிந்து ஷைனி உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. சின்னப் பெண். மழித்த முகத்தோடு அவர் பலிபீடத்தின் முன் நிற்பதை நினைத்துப் பாருங்கள், சார். என்னால் முடியவில்லை. அவர்மேல் எனக்கிருந்த பிரியம் வேறு யாருக்கு இருந்தது?

அடக்கத்தன்று கடைசியாக ஒருமுறை சீவிவிட்டேன். அச்சன் முகம் எவ்வளவு லட்சணம் என்று ஊரே சொன்னது. நீங்கள் என்னைக் கொலைகாரன் என்கிறீர்கள். ஒரு முடிகூடக் குறையாமல்தானே அவரை ஒப்படைத்தேன்?